சூப்பர் சிங்கரும் என் ரேங்க் நோட்டும்



"டீச்சர், இந்த சீசனுக்கு உங்க லிஸ்ட் இன்னும் வரலையே?" என்று பத்துப் பதினைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். திருப்பூரிலிருந்து ஒருவன் போன் பண்ணியே கேட்டான். நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலோ முதல் வாரமே சண்டை ஆரம்பித்துவிட்டது. லிஸ்ட் கட்டாயம் வரும். அதற்கு முன்னால், அந்த லிஸ்ட்டை நான் எப்படிப் போடுகிறேன் என்பதை இந்த முறை விவரமாக எழுதப் போகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. படித்துக்கொண்டே வந்தால் தெரியும். கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

2018 மே மாதம் எனக்குப் பணி ஓய்வு. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது கை சும்மா இருக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் மார்க் போட்டுப் பழகிய கை. அப்போது விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் 6-வது சீசன் கடைசிக் கட்டத்தில் இருந்தது. வீட்டில் மிச்சம் கிடந்த ஒரு நீள நோட்டை எடுத்தேன். கோடு போட்டேன். பெயர்களை எழுதினேன். மார்க் போட ஆரம்பித்தேன். இன்றுவரை அந்தப் பழக்கம் நிற்கவில்லை. இப்போது நாலாவது நோட்டு ஓடுகிறது.

மார்க் போடும் முறை இதுதான். மொத்தம் 100. சுருதிக்கு 30. தாளத்துக்கு 20. உச்சரிப்புக்கு 20. பாவத்துக்கு 20. பாட்டுத் தேர்வுக்கு 10. உச்சரிப்புக்கு எதற்கு 20 என்று நடுவர்கள் யாரும் கேட்க மாட்டார்கள், நீங்கள் கேட்பீர்கள். ழகரம் வராதவர்களை நான் வகுப்பில் என்ன பாடு படுத்தினேன் என்பது உங்களுக்குத் தெரியும். கனடாவில் வளர்ந்த ஜெசிக்கா 2015-ல் ஜூனியர் போட்டியில் இரண்டாம் இடம் வந்தார். கடல் கடந்து வளர்ந்த பிள்ளைக்கு அவ்வளவு தமிழ் வரும்போது உள்ளூர்ப் பிள்ளைக்கு நான் ஏன் சலுகை காட்ட வேண்டும்?

இது முதல் பட்டியல். யார் நன்றாகப் பாடுகிறார் என்பதற்கான பட்டியல்.

நோட்டின் பின்பக்கத்தில் இன்னொரு பட்டியல் உண்டு. யார் ஜெயிப்பார் என்பதற்கானது. இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள்தான் இறுதிச் சுற்று முடிந்ததும் "அநியாயம்" என்று கத்துகிறார்கள். முதல் பட்டியல் பாட்டைப் பற்றியது. இரண்டாவது பட்டியல் நம்மைப் பற்றியது, அதாவது ஓட்டுப் போடுகிற ஜனங்களைப் பற்றியது.

ஓட்டு எப்படி விழுகிறது என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். கரும்பலகையைப் பாருங்கள்.

100 பேர் ஓட்டுப் போடுகிறார்கள். அதில் 60 பேருக்கு மெலடி பிடிக்கும். 40 பேருக்கு நாட்டுப்புறப் பாட்டு பிடிக்கும். மேடையில் மெலடி பாடுகிறவர்கள் மூன்று பேர். நாட்டுப்புறப் பாட்டுக்காரர் ஒரே ஒருவர். அந்த 60 ஓட்டும் இருபது இருபதாக மூன்று பேருக்குப் பிரியும். 40 ஓட்டும் ஒருவருக்கே போகும். ஜெயிப்பது யார்? நம் ஊராட்சித் தேர்தலில் ஒரே தெருவில் மூன்று பேர் நின்றால் என்ன நடக்கிறதோ அதேதான். இதில் யாருக்கும் யாரும் துரோகம் செய்யவில்லை.

2018-ல் புதுக்கோட்டை மாவட்டத்துச் செந்தில் கணேஷ் ஜெயித்தபோது பலர் மூக்கில் விரல் வைத்தார்கள். கூடவே அவர் மனைவி ராஜலட்சுமியும் அதே மேடையில் போட்டியிட்டார். நாட்டுப்புறப் பாட்டையே அடையாளமாக வைத்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். எனக்கு ஆச்சரியமில்லை. நோட்டின் பின்பக்கத்தில் ஜூன் மாதக் கடைசியிலேயே அவர் பெயருக்கு எதிரே நட்சத்திரம் போட்டிருந்தேன். அந்தக் கணக்கு ஒரு பக்கம். நம்மைப் போன்ற வறண்ட காட்டு ஊர்களில் கோயில் பொங்கலுக்கு மைக் செட்டில் கேட்ட குரல் முதல் தடவையாக அந்தப் பெரிய மேடையில் கேட்டது இன்னொரு பக்கம். "இது நம்ம வீட்டுப் பிள்ளை" என்று தோன்றிவிட்டால் அதற்குப் பிறகு சுருதி, தாளம் எல்லாம் பின்னால்தான்.

அந்த வருஷம் இரண்டாம் இடம் வந்த ரக்ஷிதா சுரேஷுக்கு என் முன்பக்கப் பட்டியலில் எப்போதும் நல்ல மார்க். பின்னாளில் ஏ.ஆர்.ரகுமான் இசையில் 'பொன்னியின் செல்வன்' படத்தில் பாடினார். செந்தில் கணேஷும் ஜெயித்தார், ரக்ஷிதாவும் பாடகியானார். என் இரண்டு பட்டியலும் சரியாகத்தான் இருந்தன.

அடுத்தது வளர்ச்சி. முதல் மாதத் தேர்வில் 40 வாங்கி, காலாண்டில் 52 வாங்கி, அரையாண்டில் 65 வாங்குகிற பையன்மீது வகுப்பு முழுவதற்கும் ஒரு பிரியம் வரும். தொடக்கம் முதலே 90 வாங்குகிறவன்மீது மரியாதைதான் வரும். ஓட்டு பிரியத்துக்கு விழும். 2014-ல் ஜெயித்த திவாகர் கேள்வி ஞானத்தில் வளர்ந்தவர். வாரத்துக்கு வாரம் அவர் மேலே ஏறியதை ஜனங்கள் கூடவே பார்த்தார்கள். தாங்களே ஏற்றிவிட்டதாக நினைத்தார்கள்.

இன்னொன்று, பாடும் வரிசை. இதை வாத்தியார்கள் நன்றாக அறிவார்கள். நாற்பது விடைத்தாள் திருத்தும்போது முதல் தாளுக்குக் கை இறுக்கமாகத்தான் இருக்கும். பின்னால் இதைவிட நல்ல தாள் வருமோ என்று கொஞ்சம் மிச்சம் வைப்போம். பெல்ஜியம் நாட்டில் எலிசபெத் ராணி பெயரில் உலகப் புகழ் பெற்ற பியானோ போட்டி நடக்கிறது. இறுதிச் சுற்றில் 12 பேர், ஒரு நாளைக்கு இருவர் வீதம் ஆறு நாள் வாசிப்பார்கள். யார் எந்த நாள் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். பல வருஷத்து முடிவுகளை எடுத்துப் பொருளாதாரப் பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். முதல் நாள் வாசித்தவர்களுக்குக் கீழ் இடமும், பிந்திய நாட்களில் வாசித்தவர்களுக்கு மேல் இடமும் கிடைக்கிற போக்கு தெரிந்தது. வாசிப்பவரின் திறமைக்கும் குலுக்கலில் வந்த சீட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. கேட்பவர்களோ காது பழுத்த பெரிய நடுவர்கள். அவர்களுக்கே அப்படி என்றால், சோற்றுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிற நமக்கு எப்படி இருக்கும்?

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனித்துப் படியுங்கள்.

பெரியவர்களுக்கான சூப்பர் சிங்கர் 2006-ல் தொடங்கியது. ஜெயித்தவர்கள் வரிசையைப் பாருங்கள். நிகில் மேத்யூ, அஜீஷ், சாய்சரண், திவாகர், ஆனந்த் அரவிந்தாக்ஷன், செந்தில் கணேஷ், மூக்குத்தி முருகன், ஸ்ரீதர் சேனா. எட்டுப் பேரும் ஆண்கள். ஒன்பதாவது சீசனில், 2023-ல்தான் அருணா என்ற பெண் முதல் பரிசு வாங்கினார். ஜூனியர் போட்டியில் அப்படி இல்லை. அல்கா அஜித், ஸ்பூர்த்தி, பிரித்திகா என்று சின்னப் பெண்கள் ஜெயித்திருக்கிறார்கள். சின்னதில் நன்றாகப் பாடுகிற பெண், வளர்ந்ததும் பாட மறந்துவிடுமா? பதினைந்து வயதுக்கு மேல் என்ன நடக்கிறது என்பதை நான் பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பில் பிரார்த்தனைப் பாட்டை முன்னால் நின்று பாடிய பெண்களில் எத்தனை பேர் பெரிய வகுப்புக்குப் போன பிறகும் பாடினீர்கள்? நீங்களே பதில் சொல்லுங்கள்.

பெண்கள் பாடாத ஊரா இது? முளைப்பாரி தூக்கும்போது கும்மி கொட்டிப் பாடுகிறவர்கள் யார்? மைக் இல்லாமல் ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, நாற்பது பேர் திருப்பிப் பாடுவார்கள். நாற்று நடும்போதும் பாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி, தொட்டிலுக்குத் தாலாட்டு. எல்லாம் பெண் குரல். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் நாடகம் நம் பக்கம் போடுவார்களே, விடிய விடிய உட்கார்ந்து கேட்டிருக்கிறோம். வள்ளியாக வருகிற அம்மா நாரதரிடம் பாட்டிலேயே தர்க்கம் பண்ணி மடக்கும்போது கூட்டம் விசிலடிக்கும். அன்றைக்கு எஸ்.எம்.எஸ். கிடையாது. "இன்னாருடைய அன்பளிப்பு ரூபாய் பதினொன்று" என்று மைக்கில் அறிவிப்பார்கள். அதுதான் அந்தக் காலத்து ஓட்டு. ஆனால் ஓட்டு விழாத வள்ளியை யாரும் பாதி நாடகத்தில் வீட்டுக்கு அனுப்பவில்லை. விடியும்வரை அவளும் பாடினாள்.

இனி, இந்தப் பதிவை எழுதிய காரணத்துக்கு வருகிறேன். சம்பந்தப்பட்ட இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் தங்கைக்கு மகள் வழியில் ஒரு பேத்தி. பிளஸ் ஒன் படிக்கிறாள். பெயர் வேண்டாம், சொந்தக்காரர்களுக்குத் தெரியும். நல்ல குரல். அரசுப் பள்ளிகளில் இப்போது கலைத் திருவிழா நடக்கிறதே, அதில் பாடிப் பரிசு வாங்கியவள். போன வருஷம் மதுரையில் ஒரு பாட்டுப் போட்டிக்குக் குரல் தேர்வு நடக்கிறது என்று கேள்விப்பட்டு அப்பாவும் மகளும் போனார்கள். முதல் பஸ்ஸில் கிளம்பிப் போய் வரிசையில் நின்று, நம்பர் வாங்கி, முறை வரும்போது மத்தியானம் மூன்று மணி. பாடியது ஒரு நிமிஷம்கூட இல்லை. "நன்றிம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அவ்வளவு கூட்டத்தில் அவர்களும் வேறு என்ன செய்ய முடியும்?

வீட்டுக்கு வந்தவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். மூன்று மாதம். அவள் அம்மா பாத்திரம் விளக்கும்போது ரேடியோவோடு கூடச் சேர்ந்து முணுமுணுப்பாள். அவள் அதையும் செய்யவில்லை. "தேறலைன்னு அவுகளே சொல்லிட்டாகல்ல, இனிமே படிப்பைப் பாருத்தா" என்று அப்பா சொல்லிவிட்டார். அருப்புக்கோட்டையில் தறிப் பட்டறையில் வேலை பார்க்கிற மனுஷன். அவர் சொன்னதில் கோபம் கிடையாது. பிள்ளை இன்னொரு தடவை அந்த வரிசையில் நின்று முகம் வாடி வரக் கூடாதே என்கிற பயம்தான்.

லீவுக்கு என் வீட்டுக்கு வந்திருந்தபோது அவள் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்: "பெரிய அம்மாச்சி, உங்க நோட்டுல எனக்கு எத்தனை மார்க்கு?"

பாடினால்தானே மார்க் போட முடியும் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு மதுரையில் பாடிய அதே பாட்டைப் பாடினாள். பல்லவி நன்றாக இருந்தது. சரணத்தில் மேலே போகும்போது குரல் நைந்துவிட்டது. எடுத்த சுருதி அவளுக்கு உயரம். குரல் தேர்வில் பெரும்பாலும் பக்கவாத்தியம் கிடையாது. பதற்றத்தில் எல்லோருமே கொஞ்சம் மேலே எடுத்துவிடுவார்கள். ஆண்கள் ஒரு கட்டையிலும், பெண்கள் ஐந்து கட்டையிலும் பாடுவார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு தொண்டைக்கும் ஒரு வீடு உண்டு. அந்த வீட்டிலிருந்து கிளம்பினால்தான் திரும்பி வர முடியும். அவள் யாருடைய வீட்டிலிருந்தோ கிளம்பியிருக்கிறாள்.

போனில் சுருதிப் பெட்டி ஆப் ஒன்றை இறக்கிக் கொடுத்தேன். அரைக் கட்டை இறக்கிப் பாடச் சொன்னேன். இன்னும் அரைக் கட்டை இறக்கினோம். சரணம் தெளிவாக வந்தது. முதல் தடவை நான் போட்ட மார்க் 58. நோட்டில் அப்படியே எழுதினேன். சொந்தக்காரப் பிள்ளை என்று ஒரு மார்க்கூடக் கூட்டவில்லை. அது அவளுக்கும் தெரியும், அதனால்தான் கேட்டாள். பிறகு ஞாயிறுதோறும் ஒரு பாட்டு, போனில் பதிவு பண்ணி அனுப்புவாள். ஆறாவது வாரம் 71. உச்சரிப்பில் இன்னும் 'ற'கரம் அழுத்தம் போதவில்லை. சொல்லியிருக்கிறேன்.

அவளுக்கு நான் காட்டியது இன்னொரு பட்டியல். தோற்றவர்களின் பட்டியல்.

2011-ல் சாய்சரண் ஜெயித்த சீசனில் சத்யபிரகாஷ் என்று ஒரு தம்பி பாடினார். பரிசு அவருக்கு இல்லை. பிற்பாடு 'மெர்சல்' படத்தில் 'ஆளப்போறான் தமிழன்' பாட்டைப் பாடியவர்களில் அவரும் ஒருவர். அதே பாட்டில் அதே சீசனின் பூஜாவும் பாடியிருக்கிறார். 2019-ல் மூக்குத்தி முருகன் ஜெயித்த சீசனில் பாடிய சிவாங்கியை இன்று தெரியாத வீடு உண்டா? வடக்கே 2005-ல் 'ஃபேம் குருகுல்' என்ற போட்டியில் பாதியிலேயே வெளியேறிய ஒரு பையன் இன்று இந்தியா முழுவதும் ஒலிக்கிற அரிஜித் சிங். அமெரிக்காவில் 2004 'அமெரிக்கன் ஐடல்' போட்டியில் ஏழாவதாக வந்த ஜெனிபர் ஹட்சன் 2007-ல் நடிப்புக்காக ஆஸ்கர் விருது வாங்கினார்.

உடனே, "அப்போ தோத்தா எல்லாரும் பெரிய ஆளாயிருவாகளா டீச்சர்?" என்று ஒருவன் கேட்பான். யார் என்றும் எனக்குத் தெரியும். ஆக மாட்டார்கள். தோற்ற ஆயிரக்கணக்கானவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஜெயித்தவர்களிலும் சிலரை நாம் மறந்துவிட்டோம். நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஒரு நாள், ஒரு நிமிஷம், ஒரு வரிசையில் கிடைத்த இடம், அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும்தான் சொல்லும். அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் தொண்டைக்குப் பூட்டுப் போடக் கூடாது. ஒரே ஒரு பரீட்சையைப் பார்த்துவிட்டு "இவன் தேற மாட்டான்" என்று எந்த நல்ல வாத்தியாரும் சொல்ல மாட்டார். காலாண்டு இருக்கிறது, அரையாண்டு இருக்கிறது, முழு ஆண்டு இருக்கிறது.

இப்போது கொஞ்சம் மாப்பிள்ளையோடு பேச வேண்டும். அவர் இதைப் படிப்பார்.

மாப்பிள்ளை, பிள்ளையை மறுபடியும் டிவி வரிசையில் நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அவளும் இப்போது கேட்கவில்லை. அவள் கேட்பது முறையாகப் பாட்டுப் படிக்க. விருதுநகரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மதுரையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் அரசாங்கத்து இடம், நம்மால் கட்ட முடியாத பணம் இல்லை. பிளஸ் டூ முடிக்கட்டும், மார்க்கும் வாங்கட்டும். அதற்குப் பிறகு அவள் விண்ணப்பம் போடும்போது, "மதுரையில தேறலைன்னு சொன்னாகளே" என்ற அந்த ஒரு வரியை மட்டும் சொல்லாதீர்கள். சோறு போடுமா என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பாட்டு டீச்சர் வேலையும் வேலைதான். ஆசிரியர் பயிற்சிக்கு நான் போன நாளிலும் என் வீட்டில் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"பார்ப்போம் அத்தை" என்று சொல்லியிருக்கிறார். நம் வீட்டு ஆண்களிடம் அது பாதி சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குத்தான் இவ்வளவு நீளமான பதிவு.

சரி, நீங்கள் கேட்ட லிஸ்ட். முதல் பத்துப் பேர் தேர்வானதும் போடுகிறேன். வழக்கம்போல இரண்டு பட்டியல் இருக்கும். நீங்களும் கமெண்ட்டில் இரண்டாகவே போடுங்கள். யார் நன்றாகப் பாடுகிறார், யார் ஜெயிப்பார். இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவர்களுக்கு அரை மார்க் குறைப்பேன். இறுதிச் சுற்றில் உங்கள் ஆள் தோற்றால் நடுவர்களையும் ஜெயித்த பிள்ளையையும் திட்டிப் பதிவு போடாதீர்கள். அந்தப் பிள்ளையும் யாரோ ஒரு வீட்டில் ரேடியோவோடு பாடி வளர்ந்ததுதான்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் பிரார்த்தனைப் பாட்டுப் பாடிய பெண்கள் பலர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். இப்போது உங்களுக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்கும். ஏதாவது ஒரு பாட்டு, இரண்டு வரி, அடுப்படியிலிருந்தே பாடி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மார்க் வேண்டும் என்றால் போடுகிறேன். வேண்டாம் என்றால் சும்மா கேட்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்,
காரியாபட்டி.